சீரும் கோலமும் சொல்லித் தரும் கணினி
எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியே நிரற்கல்வி

கம்ப்யூட்டர் படிப்புக்கு முதலில் என்ன வேணும் என்று கேட்டால் நம் ஊர்ப் பெற்றோர்கள் இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேணும்; இரண்டு, நல்ல இங்கிலீஷ் வேணும். இவ்விரண்டும் கைக்கு வருவதற்கு முன்பே, கணினி அறிவியலின் அடிப்படைக் கருத்துகளில் பெரும் பகுதியைப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழிலேயே, அதுவும் விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கிப் பக்கம் மூணாறு, மறையூர், வட்டவடை, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தோடு நின்றுபோன தமிழ் மக்கள் வாழும் ஊர்கள் இவை. இங்கெல்லாம் இன்றும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் பிள்ளையைத் தமிழ்வழியிலிருந்து மாற்றும் பெற்றோரிடம் காரணம் கேட்டால், "கம்ப்யூட்டர் காலத்துல தமிழை வச்சுட்டு என்னங்க ஐயா பண்றது?" என்கிறார்கள். வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும், ஊரில் புழங்க மலையாளம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கணினிக்காகத் தமிழை விட வேண்டும் என்ற கணக்குத்தான் தப்பு. அந்தத் தப்புக் கணக்கால் ஒரு வகுப்பில் நாலு பிள்ளை குறைந்தால், நாளை அந்த வகுப்பே இல்லாமல் போகும்.

நம் மாநிலத்தில் என்ன இருக்கிறது?

கேரள அரசு 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. லினக்ஸ் முதலான கட்டற்ற மென்பொருள்களையே பள்ளிகளுக்குக் கொண்டு வந்தது இதன் சிறப்பு. 2005-இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். 2017-இல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிற்று. 2018 ஜனவரியில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றம் தொடங்கப்பட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு, உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து வருகிறது. எட்டாம் வகுப்பில் ஒரு திறனறித் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அசைபடம், ஸ்கிராட்ச், செல்போன் செயலி, மின்னணுவியல், ரோபோ என்று பல துறைகளில் பயிற்சி உண்டு. 2022 டிசம்பரில் இப்பள்ளிகளுக்கு 9,000 ரோபோ பெட்டிகள் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அர்டுயினோ பலகை, சிறு மோட்டார், ஒளி உணரி, எல்.இ.டி. விளக்கு, பஸ்ஸர் எல்லாம் அதில் இருக்கும். 2025-26 முதல் பத்தாம் வகுப்பு ஐ.சி.டி. பாடத்திலேயே ரோபோவியல் எல்லாப் பிள்ளைக்கும் வந்துவிட்டது. இப்பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன.

ஆக, வாசல் திறந்துதான் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அந்த வாசலுக்குள் நுழையும் பிள்ளையின் கையில் முன்கூட்டியே கொஞ்சம் பழக்கம் இருக்க வேண்டும். அதை வீட்டுத் திண்ணையிலும் சங்கக் கட்டடத்திலும் கொடுக்கலாம். நியூசிலாந்து நாட்டின் டிம் பெல் என்ற பேராசிரியரும் நண்பர்களும் 1990-களில் இப்படிக் கம்ப்யூட்டரே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் முறையை வகுத்தார்கள். சீட்டு, கயிறு, தராசு, சாக்பீஸ் இவைதான் கருவி. இன்று உலகம் பூராவும் அது பரவியிருக்கிறது. அம்முறையை நம் மண்ணுக்கு ஏற்ப எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: எந்திரப் பிள்ளை

தரையில் சாக்பீஸால் ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள். ஒரு பிள்ளை எந்திரம். மற்றவர்கள் கட்டளை எழுதுபவர்கள். அனுமதித்த கட்டளைகள் மூன்றே: 'ஒரு கட்டம் முன்னே போ', 'வலப்பக்கம் திரும்பு', 'இடப்பக்கம் திரும்பு'. ஒரு மூலையில் நிற்கும் எந்திரம், நடுவில் உள்ள இரண்டு செங்கல்லைத் தாண்டி எதிர்மூலைக்குப் போக வேண்டும். கட்டளை முழுவதையும் முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். நடுவில் வாய் திறக்கக் கூடாது. எந்திரப் பிள்ளை எழுதியதை மட்டுமே செய்யும், தானாக எதையும் யோசிக்காது.

முதல் தடவை கட்டாயம் செங்கல்லில் முட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்போது, 'எந்த வரியில் தப்பு?' என்று மட்டும் கேளுங்கள். தாளில் விரல் வைத்துத் தேடி அந்த ஒரு வரியைத் திருத்துவார்கள். உலகத்துப் புரோகிராமர்கள் பொழுதில் கணிசமான பகுதியைச் செலவிடுவது இந்தப் பிழை திருத்தத்தில்தான்.

அடுத்த கட்டமாக, 'இதை நாலு தடவை செய்', 'முன்னால் செங்கல் இருந்தால் வலப்பக்கம் திரும்பு' என்ற இரண்டையும் சேருங்கள். வரிசையாகச் செய்தல், திரும்பத் திரும்பச் செய்தல், நிபந்தனை பார்த்துச் செய்தல் என்ற இம்மூன்றைக் கொண்டே எந்த நிரலையும் எழுதிவிடலாம் என்று 1966-இல் போம், யாக்கோபினி என்ற இரு இத்தாலிய அறிஞர்கள் நிறுவினார்கள். அந்த மூன்றையும் உங்கள் பிள்ளை சாக்பீஸ் கட்டத்திலேயே கற்றுவிட்டது.

இரண்டு: படிக்கல்லும் யாப்பும்

நான் தராசோடு பிழைக்கிறவன். ஆகவே இதைத் தராசிலேயே சொல்கிறேன். 1, 2, 4, 8, 16 கிலோ என்று ஐந்தே படிக்கல் இருக்கட்டும். ஒரு தட்டில் மட்டும் கல் வைத்து, 1 முதல் 31 கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுத்துவிடலாம். 21 கிலோ வேண்டுமா? 16, 4, 1 வையுங்கள். ஒவ்வொரு கல்லும் ஒன்று தட்டில் இருக்கும், இல்லையேல் தரையில் இருக்கும். மூன்றாவது நிலை கிடையாது. தட்டில் இருந்தால் 1, தரையில் இருந்தால் 0 என்று பெரிய கல்லிலிருந்து எழுதினால் 21 என்பது 10101 ஆகும். கம்ப்யூட்டர் எண்களை வைத்துக்கொள்ளும் இருமக் கணக்கு இதுதான். அங்கே கல்லுக்குப் பதில் மின்சாரம் இருக்கும் அல்லது இராது.

இதை வைத்தே பிள்ளைகள் ஒரு மந்திர வித்தையும் செய்யலாம். ஐந்து அட்டைகள் எடுத்து, முதல் அட்டையில் 1 என்ற கல் வேண்டிய எண்கள் எல்லாம், இரண்டாவதில் 2 என்ற கல் வேண்டியவை எல்லாம் என 31 வரை எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் பதினாறு எண் வரும். 'மாமா, உங்க பிறந்த தேதி எந்தெந்த அட்டையில இருக்கு?' என்று கேட்டு, அந்த அட்டைகளின் முதல் எண்களைக் கூட்டினால் தேதி வந்துவிடும்.

இதே இருமை நம் யாப்பிலக்கணத்திலும் இருக்கிறது. தமிழ்ச் செய்யுளின் அசை இரண்டே வகை: நேர், நிரை. தனியாகவோ ஒற்றோடு சேர்ந்தோ ஒரே ஓர் உயிரோசை வந்தால் நேர். குறில் முன்வர இரண்டு ஓசை இணைந்து வந்தால் நிரை. ஓரசைச் சீர் 2. ஈரசைச் சீர் 4. மூவசைச் சீர் 8. நாலசைச் சீர் 16. அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையில் வகுத்துக் காட்டும் இக்கணக்கு, அசை ஒன்று கூடும்போதெல்லாம் இரட்டிப்பதைக் கவனியுங்கள்.

நேருக்கு 0, நிரைக்கு 1 என்று வைத்து, பிள்ளைகள் தங்கள் பெயரையே அசை பிரிக்கட்டும். கண்ணன் என்பது கண், ணன், நேர் நேர், 00, தேமா. முருகன் என்பது முரு, கன், நிரை நேர், 10, புளிமா. மலர்விழி நிரை நிரை, 11, கருவிளம். பூங்கொடி நேர் நிரை, 01, கூவிளம். பள்ளிகளில் இந்த நான்கையும் இதே வரிசையில்தான் சொல்லித் தருகிறோம்: 00, 10, 11, 01. அடுத்தடுத்த இரண்டுக்கு இடையில் ஒரே ஓர் இடம்தான் மாறுகிறது. இப்படி ஓரிடம் மட்டும் மாறும் வரிசைக்கு இன்று கிரே குறியீடு என்று பெயர். அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்து பிராங்க் கிரே 1953-இல் காப்புரிமை பெற்றது. சுழலும் எந்திரங்களின் நிலையைப் பிழையின்றி அறிய இது பயன்படுகிறது.

இதைக் கொண்டு நம் முன்னோர் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் முழங்க வேண்டாம். அவர்கள் பாட்டுக்கு இலக்கணம் செய்தார்கள். ஆனால் யாப்பு படித்த பிள்ளைக்கு இருமம் புதிதல்ல. இருமம் படித்த பிள்ளைக்கு யாப்பு கசக்காது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

மூன்று: பாதியாக வெட்டு

'1-லிருந்து 1000-க்குள் ஓர் எண்ணை நினைச்சுக்கோ. ஆமா, இல்லைன்னு மட்டும் பதில் சொல்லு. பத்துக் கேள்வியில கண்டுபிடிக்கிறேன்' என்று பிள்ளைகளிடம் பந்தயம் கட்டுங்கள். '500-க்கு மேலயா?' 'இல்லை.' '250-க்கு மேலயா?' இப்படி ஒவ்வொரு கேள்வியும் மிச்சத்தைப் பாதியாக வெட்டும். பத்துத் தடவை வெட்டினால் 1024 கூட ஒன்றாகச் சுருங்கிவிடும். ஒரு லட்சமானாலும் பதினேழு கேள்வி போதும். அகராதியில் சொல் தேடுவதும், பெரிய பட்டியலில் கம்ப்யூட்டர் ஒரு பெயரைத் தேடுவதும் இவ்வழியே. பட்டியல் அகர வரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஓர் எண்ணை எத்தனை தடவை பாதியாக்க முடியும் என்பதற்கு நம் சமண ஆசிரியர்கள் 'அர்த்தச்சேதம்' என்று பெயரிட்டிருந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் தவளா என்னும் உரையில் இதை விரிவாகக் கையாளுகிறார். 32-க்கு அர்த்தச்சேதம் 5, 1024-க்கு 10. இன்றைய கணிதத்தில் இரண்டின் அடிமான மடக்கை என்பது இதுவே.

நான்கு: ஏலக்காய் தரம் பிரிப்பு

எட்டுச் சின்ன டப்பாக்களில் வெவ்வேறு அளவு மணலை நிரப்பி மூடிவிடுங்கள். ஒரு தராசு, எடைக்கல் கிடையாது, ஒரு நேரத்தில் இரண்டு டப்பாவை மட்டும் ஒப்பிடலாம். இலேசானது முதல் கனமானது வரை வரிசைப்படுத்த வேண்டும். எத்தனை தடவை தராசைத் தூக்கினீர்கள் என்று எண்ண வேண்டும்.

இருப்பதில் இலேசானதைத் தேடி எடுத்து வைத்து, மிச்சத்தில் மறுபடி இலேசானதைத் தேடினால் 7, 6, 5 என்று குறைந்து மொத்தம் 28 தடவை ஆகும். இரண்டு இரண்டாக வரிசைப்படுத்தி, அவற்றை நாலு நாலாகச் சேர்த்து, பிறகு எட்டாகச் சேர்த்தால் அதிகம் போனால் 17 தடவை. எட்டுக்கு இந்த வித்தியாசம் சின்னது. ஆயிரம் டப்பா என்றால் முதல் வழிக்கு 4,99,500 தடவை. இரண்டாவது வழிக்கு ஒன்பதாயிரத்துக்குள் முடியும். வேலை ஒன்றே, வழி வேறு. மிச்சமாகும் காலம் மலையளவு. கம்ப்யூட்டர் படிப்பின் உயிர்நாடி இந்த இடத்தில் இருக்கிறது.

மூன்றாவது வழியும் உண்டு. இடுக்கிப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஏலக்காயை யாரும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்லை. 6, 7, 8 மி.மீ. சல்லடைகளில் சலித்தால் பருமன் வாரியாகத் தானே பிரிந்துவிடும். ஒப்பிடாமலே கூடை கூடையாகப் பிரிக்கும் இம்முறையும் கணினி நூல்களில் ஒரு பாடம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் செய்யும் வேலைக்குள் இத்தனை அறிவு இருக்கிறது என்று பிள்ளை உணர்வது, பாடத்தைவிடப் பெரிய லாபம்.

ஐந்து: குழூஉக்குறி

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர் என்று இலக்கணத்தில் படித்திருப்போம். பழைய ஜவுளிக்கடைகளில் வாங்கின விலையை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதி வைப்பதும் இவ்வகையே. பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரியுங்கள். ஒரு கட்சி அ முதல் ஒ வரை பத்து உயிரெழுத்துகளை 1 முதல் 9, பிறகு 0 என்று வைத்து இருபது விலைச்சீட்டு எழுதட்டும். 450 என்பது 'ஈஉஒ' ஆகும். மறு கட்சி, குறிப்பு எதுவுமின்றி அதை உடைக்க வேண்டும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கண்டுபிடிக்கும்: 'விலையெல்லாம் ஒ-வுலதான் முடியுது, அப்போ அது சைபர்!' ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்து அல்கிந்தி எழுதி வைத்த வழியும் இதுவே; அதிகம் வரும் குறியை எண்ணினால் மறைமொழி உடையும். அப்படியானால் உடையாத பூட்டு வேண்டுமே என்ற கேள்வி பிள்ளைக்கே எழும். செல்போனில் பணம் அனுப்பும் காலத்தில், ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று நூறு தடவை சொல்வதைவிட இந்த விளையாட்டு ஒரு தடவை நடந்தால் போதும்.

ஆறு: தப்பைக் காட்டும் வரிசை

ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை உள்ள அட்டைகளை ஐந்துக்கு ஐந்தாகப் பிள்ளைகள் இஷ்டம்போல் அடுக்கட்டும். 'அழகுக்கு இன்னும் ஒரு வரிசை' என்று சொல்லி, ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் கருப்பு இரட்டைப்படையாகும்படி நீங்கள் ஓர் அட்டையைச் சேர்த்துவிடுங்கள். இப்போது ஆறுக்கு ஆறு. நீங்கள் திரும்பி நிற்கும்போது ஒருவர் ஏதாவது ஓர் அட்டையை மட்டும் புரட்டலாம். கருப்பு ஒற்றைப்படையாகிப் போன வரிசையும் நிரலும் வெட்டும் இடத்தில் அந்த அட்டை அகப்படும்.

செய்தி போகும் வழியில் ஓர் எழுத்து கெட்டால் எந்திரம் கண்டுபிடிப்பது இந்தத் தத்துவத்தால்தான். ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கமும் இதுபோல் முந்தைய பதினொன்றையும் சரிபார்க்கவே இருக்கிறது. நம் பேரேட்டில் நெடுக்கிலும் குறுக்கிலும் கூட்டிப் பார்ப்பதும் இதன் அண்ணன் தம்பிதான்.

ஏழு: கோலத்திலிருந்து திரைக்கு

இனி கம்ப்யூட்டரைத் தொடலாம். 1967-இல் சீமோர் பேப்பர்ட் முதலானோர் லோகோ என்ற மொழியைப் பிள்ளைகளுக்காகவே செய்தார்கள். அதிலே ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டுப் படம் வரையலாம். அதன் வழியில் 2007-இல் எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் வெளியிட்டதே ஸ்கிராட்ச். அதில் தட்டச்சு அதிகம் இல்லை. கட்டளைக் கட்டைகளை ஒன்றோடொன்று கொளுவினால் நிரலாகும். காசு கொடுக்க வேண்டியதில்லை.

'100 அடி போ, 90 பாகை திரும்பு' என்பதை நாலு தடவை செய்தால் சதுரம். அந்தச் சதுரத்தைப் போட்டுப் பத்துப் பாகை திருப்புவதை முப்பத்தாறு தடவை செய்தால் ஒரு பூக்கோலம் விரியும். பாட்டியின் கைக்கு இது எப்போதோ தெரியும்! தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களுக்கு இலக்கண விதிகள் வகுத்து 1974-இல் வெளியிட்ட ஆய்வு, கணினி அறிவியலில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. மார்கழி மாதத்தில் வாசலில் போட்ட கோலத்தைப் பிள்ளை திரையில் போடச் செய்யுங்கள். புள்ளி எத்தனை, எங்கே திரும்புகிறது, எது திரும்ப வருகிறது என்று பாட்டியும் பேத்தியும் பேசும் பேச்சே முதல் நிரற்பாடம்.

இங்கிலீஷ் அச்சம் பற்றி

இன்று பெரிதும் புழங்கும் பைத்தான் மொழியில் ஒதுக்கிவைத்த சொற்கள் 35தான். இஃப், எல்ஸ், ஃபார், வைல் என்பவற்றைப் பிள்ளை ஒரு வாரத்தில் பழகிவிடும். கஷ்டமானது சொல் அன்று, அதன் பின்னால் உள்ள சிந்தனை. அது வீட்டு மொழியில் வந்தால் ஆழப் பதியும். 'எழில்' என்று தமிழ்க் கட்டளைகளாலேயே ஒரு நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009-இல் அது பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் பதிப்பிக்கும். பிழைப்புக்குப் பைத்தான் படிக்கட்டும். முதல் ருசிக்கு எழில் இருக்கட்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம், பத்து வாரம் போதும். முதல் ஆறு வாரம் மேலே சொன்ன ஆறு விளையாட்டு. பிறகு நாலு வாரம் ஸ்கிராட்ச். பழைய மடிக்கணினி இரண்டு மூன்று இருந்தால் நாலு பேருக்கு ஒன்றாகக் கொடுக்கலாம். லிட்டில் கைட்ஸில் படிக்கும் அண்ணன், அக்காமாரையே ஆசிரியராக வையுங்கள். அவர்களுக்கும் பாடம் பலப்படும். தேயிலைத் தோட்ட லயங்களில் கரண்டும் நெட்வொர்க்கும் போன நாளிலும் முதல் ஆறு பாடம் தடைப்படாது. ஒவ்வொரு சொல்லையும் தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பள்ளிப் பயிற்சிக்குப் போகும்போது பிள்ளை திகைக்காது. ஒரே ஒரு விதி: அன்று கற்றதை இரவு வீட்டில் தாத்தா பாட்டிக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் புரிந்தால் பிள்ளைக்குப் புரிந்தது என்று அர்த்தம்.

மும்பையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் இருக்கும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். அங்கே கம்ப்யூட்டர் உண்டு, தமிழ்தான் மெலிகிறது. இங்கே தமிழ் உண்டு, கம்ப்யூட்டர்மேல் பயம் இருக்கிறது. தேமா, புளிமாவை வைத்து இருமம் கற்பிக்கும் ஒரு மணி நேரம் இரு தரப்புக்கும் மருந்தாகும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் திறனறித் தேர்வுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முந்திய கோடை விடுமுறையில், சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள். செலவு அவ்வளவே.